ஒரு விரல் மேடு

மிக்கேல்துறைக்கு வந்த முதல் நாளே நறுமுகை ஆறு படகுக்காரர்களிடம் பேசினாள். கரையிலிருந்து முப்பத்தொரு கடல் மைலில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே அழைத்துப்போக முடியுமா என்று கேட்டாள். ஆறு பேரும் அவளுடைய கடல் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்கள். தலையைச் சொறிந்தார்கள். ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“அங்க ஒண்ணும் கெடையாது மேடம்.”

ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், அந்தப் பக்கம் மீனும் கிடையாது, தண்ணீரே கொஞ்சம்தான் என்றார்.

நறுமுகைக்கு முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். சென்னையில், கடலின் ஈர்ப்புப் படத்தைத் தயாரிக்கும் ஒரு மையத்தில் வேலை. எட்டு செயற்கைக்கோள்கள் மூன்று வருடங்களாக உலகத்தின் கடல்களை ஓயாமல் அளந்துகொண்டிருந்தன. அவை அனுப்பிய கணக்குகளில் இந்தியப் பெருங்கடலின் பங்கு அவள் பொறுப்பில் இருந்தது. அந்தக் கடலின் ஒவ்வொரு சதுர மைலும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கடலில் கால் நனைத்தது மொத்தம் மூன்று முறைதான்.

2041ஆம் வருடம் ஜனவரி மாதம். படம் உலகத்துக்கு வெளியாக இன்னும் இருபத்தாறு நாட்கள் இருந்தன. அதில் பழைய வரைபடங்கள் எதிலும் இல்லாத நாலாயிரத்துச் சொச்சம் கடலடி மேடுகள் புதிதாகத் தெரிந்தன. ஐம்பது மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் ஒரு மேடு இருப்பதாகப் படம் சொன்னால், யாராவது நேரில் போய் அளந்து உறுதி செய்ய வேண்டும் என்பது மையத்தின் விதி. மையத்தின் கப்பல் அந்தமானில் நின்றது. அதனால்தான் நறுமுகை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்திருந்தாள்.

அவள் மாடியறை எடுத்துத் தங்கியது செலின் வீட்டில். செலின் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவள். அவள் குரல் உயர்ந்தால் அடுத்த ஊர்வரை கேட்கும் என்பார்கள். அவளுடைய கணவர் கிளீட்டஸ் தூண்டில் படகு வைத்திருந்தார். ‘ஒன்றும் கிடையாது’ என்று சொன்ன ஆறு பேரில் அவரும் ஒருவர்.

மத்தியானம் சாளை மீன் பொரித்துக்கொண்டே செலின் விசாரித்தாள்.

“மானத்துல கெடக்குற சேட்டிலைட்டுக்குக் கடலுக்கு அடியில கெடக்குற பாறை எப்பிடித் தெரியும் பிள்ளே? தண்ணிக்குள்ள பாக்குமா?”

“இல்லக்கா. அது தண்ணியோட மேல்பக்கத்தை மட்டும்தான் பாக்கும். கடல் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளக்கும், அவ்வளவுதான்.”

“கடல் எல்லா எடத்துலயும் ஒரே உயரம்தான?”

“அதுதான் இல்ல. பெரிய பாறை ஒண்ணு அடியில இருந்தா அதுக்குன்னு ஒரு இழுப்பு இருக்கும். அக்கம்பக்கத்துத் தண்ணியைத் தன்பக்கம் இழுக்கும். அதனால அந்தப் பாறைக்கு மேல கடல் கொஞ்சம் மேடா நிக்கும்.”

செலின் மீனைப் புரட்டிப் போட்டுவிட்டு யோசித்தாள்.

“கல்யாண வீட்டுக்கு மந்திரி வந்தா கூட்டம் அவரைச் சுத்தி அம்முமே, அது மாதிரியா? மொட்டை மாடியில நின்னு பாத்தா மந்திரி தெரியமாட்டாரு. ஆனா கூட்டம் குமிஞ்சு நிக்கதப் பாத்து மந்திரி எங்கன்னு சொல்லிரலாம்.”

நறுமுகை சிரித்துவிட்டாள். ஐந்து வருடங்களாகப் பள்ளிக்கூடங்களில் அவள் நடத்திய விளக்கங்களைவிட இது நன்றாக இருந்தது.

“அதேதான்க்கா. இங்க கூட்டம் ஒரு விரல் அகலம் உயர்ந்திருக்கு.”

“ஒரு விரலா? இந்தக் கடல்ல அலையே ஆள் உயரம் அடிக்கும். அதுல ஒரு விரல் எப்பிடித் தெரியும்?”

“ஒரு தடவை பாத்தா தெரியாது. ஆயிரம் தடவை பாத்தா, மேல போன அலையும் கீழ போன அலையும் கழிஞ்சு போயிரும். மேடு மட்டும் அப்படியே நிக்கும்.”

வாசலில் வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்த கிளீட்டஸின் ஊசி அந்த இடத்தில் நின்றது. செலின் அதைக் கவனித்தாள்.

“நாளைக்கு இந்தப் பிள்ளைய அங்க கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

“அங்க ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னேன்லா.”

“ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டு வரட்டும். உங்களுக்கு என்ன நட்டம்?”

மறுநாள் விடியற்காலை படகு கிளம்பியது. ஒன்றரை மணி நேரம் போன பிறகு நறுமுகை தன் ஃபோனைப் பார்த்தாள்.

“அண்ணே, நாம தெக்க போகணும். மேக்க போய்க்கிட்டிருக்கோம்.”

“காத்து அப்பிடி அடிக்கு மேடம்.”

“இது இஞ்சின் படகுதானே?”

கிளீட்டஸ் கொஞ்ச நேரம் அடிவானத்தைப் பார்த்தார். பிறகு சுக்கானைத் திருப்பினார்.

பத்து மணிக்கு அந்த இடத்தை நெருங்கினார்கள். நறுமுகை அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். மூன்றாவது முறைக்கு எதுவும் மிச்சமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆழம் காட்டும் எக்கோ கருவியின் திரையையே பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு மீட்டர். நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினாறு. தொண்ணூற்று மூன்று. எழுபது. ஐம்பத்திரண்டு. முப்பத்தெட்டு.

மூன்று வருடம் எண்களாக மட்டுமே பார்த்த ஒன்று காலுக்கடியில் இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வாந்தியின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

“அம்மாடியோ!” என்று கிளீட்டஸ் கூவினார். “இஞ்ச இப்பிடி ஒரு பாரு கெடக்கா! யாருக்குத் தெரிஞ்சுது!” கடலடிப் பாறையை அந்தக் கரையில் ‘பாரு’ என்பார்கள்.

அவருக்கு நடிக்க வரவில்லை. படகிலிருந்த இரண்டு தொழிலாளிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதாததற்கு, அவர் கை தன்னால் தூண்டிலை எடுத்து, இரை கோத்து, தண்ணீரில் விட்டது. எத்தனை பாகம் ஆழத்துக்கு நூல் விட வேண்டும் என்று ஒருமுறைகூட அவர் திரையைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அரை ஆள் நீளத்துக்கு ஒரு களவா மீன் படகில் வந்து விழுந்தது.

மூன்று பேரும் அந்த மீனைப் பார்த்தார்கள். பிறகு நறுமுகையைப் பார்த்தார்கள்.

“எங்க அப்பா காட்டித் தந்த பாரு மேடம்” என்றார் கிளீட்டஸ். “அப்பன்பாருன்னுதான் நான் சொல்லுவேன். முப்பத்தஞ்சு வருசமா இதுலதான் சோறு. இந்த ரெண்டு பேரையும் பைபிள் மேல சத்தியம் வாங்கித்தான் படகுல ஏத்தினேன். வேற ஒருத்தருக்கும் தெரியாது.”

“செலின் அக்காவுக்கு?”

“பாரு இருக்குன்னு தெரியும். எங்கன்னு தெரியாது. அவ குரல் உங்களுக்குத் தெரியும்லா.”

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் தாழ்ந்தது.

“உங்க படம் வெளிய வந்தா இழுவலைக்காரன் நாளைக்கே வந்துருவான். நாங்க தூண்டில் போட்டு ஒவ்வொண்ணாப் பிடிக்கோம். அவன் இரும்புச் சட்டம் கெட்டுன வலைய அடியில போட்டு இழுப்பான். பவளம், குஞ்சு, முட்டை எல்லாம் வழிச்சிட்டுப் போயிருவான். ஒரு சீசன் தாங்காது. நாலாயிரம் புள்ளி இருக்குன்னு சொன்னிய. அதுல ஒரு புள்ளிய அழிச்சா யாருக்குத் தெரியப் போகுது?”

யாருக்கும் தெரியாதுதான். அது நறுமுகைக்கு நன்றாகவே தெரியும். ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். பாறை மீண்டும் தட்டையான கடலடியாகிவிடும். திரும்பி வரும் ஐந்து மணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். களவா மீன் படகின் அடியில் ஒரு முறை வாலை அடித்து அடங்கியது.

சாயங்காலம் மாடியறையில் கணினியைத் திறந்தாள். அழித்துப் பார்க்கலாம், அழித்துப் பார்ப்பதில் தவறில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கடலின் ஆழம் மாறினால் சுனாமி எச்சரிக்கைக் கணக்கும் மாறும். பேரலை எந்தக் கரையில் எவ்வளவு உயரம் வரும் என்பது, அது கடந்துவரும் ஆழத்தைப் பொறுத்தது. புதிய படம் வெளியாகும் அன்றே எச்சரிக்கைக் கணக்கும் அதைக் கொண்டு புதுப்பிக்கப்படும். அதனால் பாறை இல்லாமல் ஒருமுறையும் பாறையோடு ஒருமுறையும் அந்தக் கணக்கை ஓட்டினாள். பெரிய வித்தியாசம் இருக்காது என்று எதிர்பார்த்தாள். வித்தியாசம் இல்லையென்றால் மனசாட்சிக்கு வேலை குறையும்.

பாறை இல்லாமல் ஓட்டியபோது, சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தால் மிக்கேல்துறைக்கு ஒன்றரை மீட்டர் அலை. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த புத்தன்மணலுக்கும் ஒன்றரை மீட்டர்.

பாறையோடு ஓட்டியபோது, மிக்கேல்துறைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. புத்தன்மணலுக்கு மூன்றே கால் மீட்டர்.

நறுமுகை மறுபடி ஓட்டினாள். அதே எண். கீழே இறங்கிப் போனபோது செலினும் கிளீட்டஸும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

“அண்ணே, அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பாறை அலையைத் திருப்புது. ஆழம் குறைஞ்ச இடத்துல அலை மெதுவா போகும். ரெண்டு பக்கமும் வேகமா போற அலை உள்பக்கமா வளைஞ்சு, பின்னாடி ஒரே இடத்துல போய்ச் சேரும். பூதக்கண்ணாடி வெயிலைக் குவிக்குமே, அது மாதிரி. குவியற இடம் புத்தன்மணல்.”

செலின் சோற்றுக் கையோடு அப்படியே இருந்தாள். அவளுடைய தங்கை மெர்சி புத்தன்மணலில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள்.

“அங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னுதான இப்ப சொல்லிக் குடுத்திருக்காவ” என்றாள் மெதுவாக. “சுனாமி வந்தா பள்ளிக்கூடம்.”

“பள்ளிக்கூடம் ரெண்டரை மீட்டர் உயரத்துல இருக்கு. பாறை இல்லாத கணக்குக்கு அது போதும்.”

2004இல் கிளீட்டஸுக்குப் பதினேழு வயது. அந்த மார்கழியில் புத்தன்மணலில் எத்தனை குழி வெட்டினார்கள் என்று அவருக்குத் தெரியும். அதில் நாலு குழியை வெட்டியவர் அவர்.

செலின் கையைக் கழுவிவிட்டுத் தங்கைக்கு ஃபோன் செய்தாள். மெர்சியின் கணவர் பெர்க்மான்ஸ் எடுத்தார். செலின் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அவர் சிரித்த சிரிப்பு அறை முழுவதும் கேட்டது.

“எங்க ஊரு ஆளுவ என்னைக்கும் சொல்லுவாவ மைனி. மிக்கேல்துறைக்காரன் அலைய நம்ம பக்கம் தள்ளிவிடுதான்னு. நீங்க எல்லாரும் சேர்ந்து எங்களக் கிறுக்கன்னு சொன்னிய. இப்ப சேட்டிலைட்டே சொல்லிட்டுல்லா!”

செலின் ஃபோனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

“என்ன சொல்லுதிய?”

“நான் என்னத்தச் சொல்ல” என்றார் கிளீட்டஸ். “அழிக்கண்டாம் மேடம்.” அதைச் சொல்லிவிட்டு எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் நறுமுகை சென்னைக்கு ஃபோன் செய்து, தன் அதிகாரி தாமோதரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வரியை அழிக்கப் பார்த்ததையும் மறைக்கவில்லை.

“அழிச்சியா?”

“இல்ல சார்.”

“அப்ப அதை நான் கேக்கல. இப்ப என்ன வேணும்?”

“வெளியாகறதுக்கு முன்னாடி இந்த ஊர்க்காரங்ககிட்ட படத்தைக் காட்டணும். அவங்க கடல் இது. அவங்களுக்குக் கடைசியாத் தெரியறது நியாயம் இல்ல.”

“வெளியாள் யாருக்கும் காட்டக்கூடாதுன்னு விதி இருக்கும்மா.” சற்று யோசித்தார். “நேர்ல சரிபார்க்க உதவி செஞ்சவங்க வெளியாள் ஆக மாட்டாங்கன்னு இன்னொரு விதி இருக்கா பாரு. இல்லாட்டி இன்னிக்கே எழுதிடுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. படகு வைத்திருந்த எல்லாரும் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். பங்குத்தந்தை ஓரமாக ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். நறுமுகை பேசுவதற்கு முன் தான் பேச வேண்டும் என்று கிளீட்டஸ் கேட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“எனக்கு ஒரு பாரு இருக்கு” என்று தொடங்கினார். “அப்பா காட்டித் தந்தது. இத்தனை வருசம் உங்க ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல. மன்னிக்கணும். தெக்க முப்பத்தொரு மைல் போயி, கரையில தெரியுத ரெட்டைக் கொம்பு மலையோட ரெண்டு கொம்பும் ஒண்ணாச் சேருத எடத்துல...”

முன்வரிசையில் ததேயுஸ் இருமினார். கிளீட்டஸோடு சின்ன வயதிலிருந்து போட்டி போடும் படகுக்காரர் அவர்.

“...கெழக்க மொட்டைமலை தண்ணியில முங்குத எடம்” என்று ததேயுஸ் முடித்தார். “அது கள்ளிப்பாருல்லா. என் மாமனார் எனக்கு மட்டும் காட்டித் தந்த பாரு.”

கிளீட்டஸின் வாய் திறந்தபடி நின்றது. பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

“ஒரு நிமிசம். நீங்க சொல்லுதது மோனிக்காப்பாரா?”

அதைச் சொன்ன சூசைராஜனின் மனைவி பெயர் பிலோமினா. அவள் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து நின்றாள்.

“யாரு அந்த மோனிக்கா?”

அதன் பிறகு கூட்டத்தை யாராலும் நடத்த முடியவில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். பெயர்கள் வேறு, இடம் ஒன்று. கடைசியில் எண்ணிப் பார்த்தால் மொத்தம் இருபத்து மூன்று படகுகள். ஊரில் இருந்ததே இருபத்து மூன்று தூண்டில் படகுகள்தான்.

“அப்ப ஒருத்தனும் ஒருத்தன அங்க பாக்கவே இல்லையாவே?” என்று கிளீட்டஸ் கேட்டார்.

“தூரத்துல ஏதாவது படகு தெரிஞ்சா நூலைச் சுருட்டிட்டு, சும்மா அந்த வழியாப் போற மாதிரி போயிருவேன்” என்றார் ததேயுஸ்.

“நானும் அதத்தான செய்வேன்!”

“அப்ப ஒன்னப் பாத்துதான் நான் ஓடிருக்கேன். என்னப் பாத்துதான் நீ ஓடிருக்க. முப்பத்தஞ்சு வருசம், டீசல் எவ்வளவு போயிருக்கும்!”

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பங்குத்தந்தை மட்டும் ஆச்சரியப்படவில்லை. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவ மன்னிப்பு கேட்டு வந்தவர்களிடம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர் கேட்டவை எத்தனையோ. எதையும் வெளியே சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்கியதும் நறுமுகை எழுந்தாள். படத்தைத் திரையில் காட்டினாள். அலை வளையும் விதத்தைக் காட்டினாள். பூசி மெழுகாமல் பேசினாள். படம் வெளியாவதைத் தன்னால் தடுக்க முடியாது, முடிந்தாலும் தடுக்க மாட்டேன் என்றாள். இழுவலைகள் வரக்கூடும் என்பதும் உண்மைதான் என்றாள்.

ததேயுஸுக்குக் கோபம் வந்தது. “அலை எப்பமோ வரும், இல்ல வராமலே போவும். இழுவலை நாளைக்கே வரும். எங்க வயித்துக்கு ஒரு வழி சொல்லாம எங்க பாரை மட்டும் ஊரறியப் போடுவியளா?”

பலர் தலையாட்டினார்கள். செலின் எழுந்தாள். ஏலம் கூறும் குரலில் பேசவில்லை. சாதாரணமாகவே கேட்டாள்.

“புத்தன்மணல்ல பொண்ணு குடுக்காத, பொண்ணு எடுக்காத வீடு இந்த மண்டபத்துல எத்தனை? கையத் தூக்குங்க.”

மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று பங்குத்தந்தையுடையது.

“இன்னொண்ணும் கேக்கேன். அந்தப் பாருல இழுவலை போடக்கூடாது, தூண்டில் மட்டும்தான்னு சட்டம் வாங்க இத்தனை வருசத்துல ஒருத்தராவது மனு குடுத்தியளா?”

“எப்பிடிக் குடுக்க?” என்றார் சூசைராஜன். “மனு குடுத்தா எடத்தச் சொல்லணுமே!”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. மண்டபத்தில் எல்லாருக்கும் விழுந்தது. ஒளித்துவைத்ததால்தான் காப்பாற்ற முடியவில்லை. பாறை இனி ஒளிந்திருக்காது. அப்படியானால் உரக்கக் கேட்கலாம்.

அன்றே மனு எழுதினார்கள். பாறையின் பெயர் என்ன போடுவது என்பதில் மட்டும் ஒன்றரை மணி நேரம் சண்டை. மோனிக்கா என்ற பெயரைப் பிலோமினா முதலிலேயே வெட்டிவிட்டாள். கடைசியில் ‘இருபத்து மூணு பார்’ என்று முடிவானது. படம் வெளியான அதே நாளில் இருபத்து மூன்று கையெழுத்துகளோடு மனு மீன்வளத் துறைக்குப் போனது.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. உத்தரவு வர எட்டு மாதம் ஆனது. அதற்குள் மூன்று இழுவலைப் படகுகள் வந்து பாறையின் வடக்கு ஓரத்தை இழுத்துவிட்டுப் போயின. அன்று தூண்டிலில் உடைந்த பவளம்தான் மாட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரு துண்டைக் கிளீட்டஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பிறகு படகுகள் முறை போட்டுக்கொண்டன. தினமும் இரண்டு படகுகள் பாறைமேல் காவல் நின்றன. இழுவலை தெரிந்தால் வயர்லெஸ்ஸில் சொல்லும், மற்றவை கூடும். உத்தரவு வந்ததும் இழுவலைகள் நின்றன. ஆனால் வேறு கரைகளிலிருந்து தூண்டில் படகுகள் வந்தன. அவர்களைத் தடுக்கச் சட்டமும் இல்லை, மனசும் வரவில்லை. கிளீட்டஸின் மீன் பாதியாகக் குறைந்தது. “பாதி இருக்குல்லா” என்று செலின் சொன்னாள்.

அடுத்த வருடம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது.

எட்டு மணிக்கே எல்லா ஃபோன்களும் அலறின. மூன்று மணி நேரம் இருந்தது. புத்தன்மணலுக்கு வந்த செய்தியில், பள்ளிக்கூடத்துக்குப் போகாதீர்கள், மிக்கேல்துறைக்குப் போங்கள் என்று இருந்தது. ஆயிரத்து நூறு பேர் பாய், பாத்திரம், ஆடு, கோழி சகிதம் கடற்கரைச் சாலையில் நடந்துவந்தார்கள். புத்தன்மணலின் தெற்குத் தெருவுக்கு அரை மீட்டர் தண்ணீர்தான், வீட்டு மாடியில் இருந்தாலே போதும் என்று செய்தி சொன்னது. மெர்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தெருவில் வீடு வீடாகப் புகுந்து, கையைப் பிடித்து இழுத்து, எல்லாரையும் கூட்டிவந்துவிட்டாள். அவள் குரலும் அக்காவின் குரலைப் போலத்தான்.

அலை பதினொன்று ஐந்துக்கு வந்தது. மிக்கேல்துறையில் படகுகள் நிற்கும் மணல்வரை ஏறி, நாலு வலைகளை எடுத்துக்கொண்டு திரும்பியது. புத்தன்மணலில் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து கரும்பலகையின் கீழ்விளிம்புவரை நின்றது. வகுப்பறைகளில் யாரும் இல்லை. ஊரிலும் யாரும் இல்லை.

கோயில் மண்டபத்தில் அன்று இரண்டு ஊருக்கும் சோறு. குழம்பில் புளி போதவில்லை என்று புத்தன்மணல்காரர்கள் குறை சொன்னார்கள். அலையைத் தள்ளிவிட்டதும் இல்லாமல் குழம்பையும் கெடுத்துவிட்டீர்களா என்று பெர்க்மான்ஸ் ஊர் கேட்கக் கேட்டார். ததேயுஸ் அவருக்கு இன்னொரு மீன்துண்டு போட்டு வாயை அடைத்தார்.

சென்னையில் நறுமுகையின் மேசையைச் சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள். தாமோதரன் இனிப்பு வரவழைத்திருந்தார். ஆனால் மறுநாள் அவள் ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தன்மணல் தெற்குத் தெருவில் அரை மீட்டர் வரும் என்று அவள் கணக்கு சொன்னது. வந்தது ஒன்றரை மீட்டருக்கு மேல். அந்தத் தெருவின் ஓட்டு வீடுகளுக்கு மாடியே கிடையாது. மெர்சி மட்டும் அந்தச் செய்தியை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு இனிப்பு இறங்கவில்லை. நாலு முறை கணக்கை ஓட்டிப் பார்த்தாள். எங்கே தவறு என்று தெரியவில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. கிளீட்டஸ்.

“மேடம், தெக்குத் தெரு கணக்கு தப்பிட்டுன்னு விசனப்படுதியளாமே. செலின் சொன்னா.”

“ஆமாண்ணே. எங்க தப்புன்னே புரியல.”

“உங்க கணக்குல தப்பில்ல. உங்களுக்கு ஒரு காரியம் தெரியாது. அதான். பாருக்குக் கெழக்க ஆறு மைல்ல ஒரு மேடு கெடக்கு. பாறை கெடையாது, சேறு. நல்ல நீளம். கணவா மீன் முட்டையிட வார எடம். அது மேல ஏறித்தான் அலை தெக்குத் தெருவுக்கு வந்திருக்கும்.”

நறுமுகை படத்தைத் திறந்தாள். அவர் சொன்ன இடம் திரையில் வழவழவென்று தட்டையாக இருந்தது.

“எங்க சேட்டிலைட்டுக்கு அது தெரியாதுண்ணே. சேறு பாறை மாதிரி கனம் இல்ல. தண்ணியை இழுக்காது.”

“தெரியும். உங்க படத்துல அது இல்லன்னு கண்டதும் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? இந்த ஒண்ணாவது மிஞ்சிச்சேன்னு இருந்துது.”

“வேற யாருக்காவது...”

“இல்ல மேடம். இந்தத் தடவ சுத்தி வளைச்சு எல்லார்கிட்டயும் விசாரிச்சுப் பாத்துட்டேன். நெசமாவே எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அவள் திரையிலிருந்த தட்டையான இடத்தில் விரலை வைத்தாள்.

“சொன்னா படத்துல வந்துரும்ணே.”

“வரட்டும். எழுதிக்கிடுங்க. வடக்கு ஏழு டிகிரி, நாப்பத்தி நாலு...”

ஃபோனுக்குப் பின்னாலிருந்து செலினின் குரல் கிளம்பியது. ஏலம் கூறும் அதே குரல்.

“அடப்பாவி மனுசா! அந்தக் கணவா எல்லாம் போற வழியில ஆம்புட்டுதுன்னு இருபது வருசமா என்கிட்டச் சொன்னியளே!”

“மேடம்” என்றார் கிளீட்டஸ் அவசரமாக. “கொஞ்சம் வெரசா எழுதுங்க. ஃபோனப் பிடுங்க வாரா.”

நறுமுகை பேனாவைத் தேடினாள். கிடைக்கவில்லை. இனிப்புப் பெட்டியின் மூடியில், பக்கத்து மேசையிலிருந்து பிடுங்கிய பென்சிலால், அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.